துபாயில் ஜெட் ஸ்கி வாடகைக்கு எடுத்து கைடோடு கடற்கரை சுற்றுவது: எங்கே, எப்போது, எதைக் கவனிக்கணும்?

நெல்லைச்சீமை (ஷார்ஜா) | நவம்பர் 20, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் தம்பி குடும்பம் ஊரிலிருந்து வருகிறது. தம்பி, அவன் மனைவி, 17 வயது மகன், 10 வயது மகள். புர்ஜ் கலீஃபா, பாலைவன சஃபாரி எல்லாம் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. தம்பி மகன் மட்டும் ஒரே பிடிவாதம்: ஜெட் ஸ்கி (கடலில் ஓட்டும் ஸ்கூட்டர்) ஓட்டிக்கொண்டு புர்ஜ் அல் அரப் ஹோட்டலைக் கடலிலிருந்து பார்க்கணுமாம். இணையத்தில் தேடினால் அரை மணி, ஒரு மணி, ஒன்றரை மணி, இரண்டு மணி என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அதே நாலு கட்டடங்களின் படம்.

தம்பிக்குத் தாமிரபரணியில் நீந்திய பழக்கம் உண்டு. கடலில் இறங்கியதில்லை. அவன் மனைவிக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. இவர்களை நம்பி அழைத்துப்போகலாமா? எவ்வளவு நேரம் எடுப்பது? எந்த இடத்திலிருந்து கிளம்புவது? கைடு என்று ஒருவர் கூட வருவாரே, அவர் உண்மையில் என்ன செய்வார்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்துநகர் (துபாய்) | நவம்பர் 20, இரவு 11:05

அண்ணாச்சி, நான் தூத்துக்குடிக்காரன். இங்கே சில வருடம் ஜெட் ஸ்கி கைடாகத்தான் வேலை பார்த்தேன். இப்போது படகுப் பராமரிப்புக்கு வந்துவிட்டேன். அதனால் யாருக்கும் விளம்பரம் செய்ய வேண்டிய அவசியம் எனக்கில்லை.

முதலில் இடம். புர்ஜ் அல் அரப்தான் முக்கியம் என்றால் உம் சுகீம் பக்கத்து மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிளம்புங்கள். துறைமுக வாயைத் தாண்டி வலது பக்கம் திரும்பினாலும் இடது பக்கம் திரும்பினாலும் உடனே கண்ணுக்கு விருந்துதான். துபாய் மரீனா பக்கமிருந்து கிளம்புகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஐன் துபாய் ராட்டினமும் ஜேபிஆர் (ஜுமைரா பீச் ரெசிடென்ஸ்) கட்டட வரிசையும். அங்கிருந்து புர்ஜ் அல் அரபுக்கு வரவேண்டுமென்றால் பாம் ஜுமைரா என்கிற செயற்கைத் தீவை வெளிப்பக்கமாகச் சுற்றி வரணும். பாதி நேரம் ஓட்டத்திலேயே போய்விடும். மரீனாவில் பெரிய படகுகளின் போக்குவரத்தும் அதிகம். ஒவ்வொரு சொகுசுப் படகும் (யாட்) ஒரு அலையை விட்டுவிட்டுப் போகும். புதிதாக ஓட்டுகிறவன் அதில் குறுக்கே ஏறினால் தூக்கிப் போடும்.

அடுத்தது நேரம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலையில் போங்கள், கிடைக்கிற முதல் நேரத்துக்கே போங்கள். இந்தக் கரையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிடும். காலை எட்டு மணிக்குத் தட்டையாகக் கிடக்கிற கடல் மூன்று மணிக்குச் சின்னச் சின்ன அலையாகக் கலைந்திருக்கும். படகில் இருப்பவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஜெட் ஸ்கியில் ஒவ்வொரு அலையும் இடுப்பில் வந்து இறங்கும். மாலை சூரிய அஸ்தமனத்தை ஒட்டிய நேரத்துக்குத்தான் எல்லோரும் அடித்துக்கொண்டு முன்பதிவு செய்வார்கள். படம் நன்றாக வரும், உண்மைதான். ஆனால் கூட்டம், அலை, கண்ணில் நேராக அடிக்கும் வெயில் மூன்றும் சேர்ந்துகொள்ளும். இருட்டிய பிறகு ஜெட் ஸ்கி ஓட்டவே அனுமதி கிடையாது. அதனால் கடைசி நேரத்துக்கு எடுத்தவர்களைக் கைடு அவசர அவசரமாகத் திருப்பிக்கொண்டு வருவார்.

இங்கே 2022 ஜனவரியிலிருந்து வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது, வெள்ளி அரை நாள். அப்போதெல்லாம் கூட்டம். செவ்வாய், புதன் காலையில் போய்ப் பாருங்கள், கடலே உங்களுக்குச் சொந்தம் மாதிரி இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஷமால் என்கிற வடமேற்குக் காற்று சில நாள் தொடர்ந்து அடிக்கும். அப்போது கடல் கலங்கிப் பெரிய அலை வரும். நல்ல நிறுவனம் தானாகவே ரத்து செய்துவிட்டு வேறு நாள் கொடுக்கும். "காற்று அடித்தால் என்ன செய்வீர்கள்" என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பயணத்தைத் தம்பி வந்த முதல் இரண்டு நாளுக்குள் வையுங்கள். காற்று வந்தால் தள்ளிவைக்க நாள் மிச்சம் இருக்கும். கடைசி நாளில் வைத்தால், காசு போய்விடுமே என்று அலையிலும் இறங்கத் தோன்றும்.

நெல்லைச்சீமை | நவம்பர் 21, காலை 7:15

முத்துநகர் தம்பி, ரொம்ப நன்றி. முதல் இரண்டு நாள் என்பது நல்ல யோசனை. கைடு எப்படி வருவார்? நம் வண்டியில் பின்னால் உட்கார்ந்தா?

முத்துநகர் | நவம்பர் 21, காலை 7:50

இல்லை அண்ணாச்சி. அவர் தனி வண்டியில் முன்னால் போவார், நீங்கள் பின்னால் வரிசையாகப் போகணும். நம்மூர்க் கரைகளில் வாட்டர் ஸ்கூட்டரில் ஆளைப் பின்னால் உட்காரவைத்து ஐந்து நிமிடம் சுற்றிக் காட்டுவார்களே, இது அது இல்லை. இங்கே ஓட்டுவது நீங்கள்தான்.

கைடுக்கு மூன்று வேலை. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஹோட்டல்களின் கடற்கரைக்கும் குளிக்கிற இடங்களுக்கும் முன்னால் மிதவை கட்டியிருக்கும். அதைத் தாண்டினால் கடலோரக் காவல் படகு வந்துவிடும், அபராதமும் உண்டு. இரண்டாவது, யாராவது விழுந்தால் திரும்பி வந்து ஏற்றிவிடுவது. மூன்றாவது, நின்று பார்க்கிற இடங்களில் நிறுத்தி இது இன்னது என்று சொல்லிப் படம் எடுத்துத் தருவது.

ஒரு கைடுக்கு எத்தனை வண்டி என்று கேளுங்கள். மூன்று, நாலு என்றால் சரி. ஏழெட்டு வண்டியை ஒருவர் தலையில் கட்டினால் அவர் முன்னால் பார்ப்பாரா, பின்னால் பார்ப்பாரா? நான் இந்த வேலையில் பயந்ததெல்லாம் அந்த மாதிரி நாட்களில்தான். வரிசையில் கடைசியில் வருகிறவர் விழுந்துவிட்டால் அவரை யாரும் பார்ப்பதில்லை. பழக்கமில்லாதவரைக் கைடுக்கு நேர் பின்னால் விடுங்கள், நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில் வரட்டும்.

பம்பும்பிஸ்டனும் (அபுதாபி) | நவம்பர் 21, மதியம் 1:20

முத்துநகர் சொன்னதோடு வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் பயம் பாதி குறையும், தப்பும் பாதி குறையும்.

ஜெட் ஸ்கி என்பது கவாசாகியின் பெயர். யமஹாவில் வேவ்ரன்னர், பிஆர்பி நிறுவனத்தில் சீடூ. எல்லாம் ஒரே தத்துவம்தான். அடியில் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சும், உள்ளே சுழலும் இம்பெல்லர் (இதழ் வைத்த சக்கரம்) அதை அழுத்திப் பின்னால் ஒரு குழாய் வழியே பீய்ச்சும். படகு மாதிரி வெளியே சுற்றும் விசிறியும் இல்லை, திருப்புவதற்குச் சுக்கானும் இல்லை. அந்தத் தண்ணீர்த் தாரையை இடது வலதாகத் திருப்பித்தான் வண்டி திரும்புகிறது.

இங்கேதான் விபத்துக்குக் காரணமும் இருக்கிறது. எதிரே படகு வருகிறது என்றால் பைக் ஓட்டிப் பழகிய கை என்ன செய்யும்? உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை ஒடிக்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் தாரை நின்றுபோகும். தாரை இல்லையென்றால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி திரும்பாது, போன திசையிலேயே சறுக்கிக்கொண்டு போய் மோதும். புது மாடல்களில் இதற்கு ஓரளவு உதவி வைத்திருக்கிறார்கள். 2009 முதல் சீடூவில் பிரேக்கும் வந்துவிட்டது. வாடகை வண்டியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் தம்பி மகனுக்கு இதைத் துறைமுகத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பழக்கச் சொல்லுங்கள்: விலகணும் என்றால் திருப்பிக்கொண்டே கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுக்கணும். அந்தப் பழக்கம் கைக்கு வருகிற வரைக்கும் வேகம் வேண்டாம். தடாலென்று நிற்கிற சாதனமும் இது இல்லை, முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கணும்.

17 வயதுக்காரர் ஓட்டுவதால் இன்னொன்று. பெரிய மாடல்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் போகக்கூடியவை. பல வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்தி வைக்கிற வசதி உண்டு. சீடூவில் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று தனிச் சாவியே தருவார்கள். "பையன் ஓட்டுகிறான், வேகத்தைக் குறைத்துக் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. ஒரு முனை வண்டியில், இன்னொரு முனை உங்கள் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ. நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். அதை ஹேண்டிலில் சுற்றிவைத்து ஓட்டுகிற ஆட்களை நான் இங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்கவே கோபமாக வருகிறது. கயிறு மாட்டவில்லையென்றால் விழுந்த பிறகும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், நடுக்கடலில் நீங்கள் தனியாக மிதப்பீர்கள்.

பாலைக்குயில் (துபாய்) | நவம்பர் 21, மாலை 6:30

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். நானும் போயிருக்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் உங்கள் தம்பி மனைவிக்குச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

இங்கே யாரும் பேசாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் உட்காருகிறவர்தான் அதிகம் விழுவார். ஓட்டுகிறவர் திடீரென்று ஆக்சிலரேட்டரைத் திருகினால் பின்னால் இருப்பவர் மல்லாக்க வண்டியின் பின்பக்கம், அந்தத் தண்ணீர்த் தாரைக்கு நேராக விழுவார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் உடம்பின் கீழ்த் துவாரங்கள் வழியாக உள்ளே ஏறினால் மலக்குடலிலும் பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் கடுமையான உள்காயம் ஏற்படும். இது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். வண்டியிலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், வெட்சூட் போன்ற கனமான உடையைக் கீழே அணியச் சொல்லி. சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. அதனால் யார் பின்னால் உட்கார்ந்தாலும் முழங்கால் வரை வரும் நியோப்ரீன் (கனத்த ரப்பர் துணி) கால்சட்டை ஒன்று வாங்கிப் போடுங்கள். விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். சுரிதார், துப்பட்டா, தளர்வான பேன்ட் கண்டிப்பாக வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டதும் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, தோள்பட்டையைப் பிடித்து யாராவது மேலே இழுத்துப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிய சைஸ். தண்ணீரில் விழுந்ததும் அது மேலே போகும், ஆள் கீழே போவார். துறைமுகத்தில் அவசரப்படுத்துவார்கள். கவலைப்படாதீர்கள், மாற்றிக் கேளுங்கள்.

நீச்சல் தெரியாதவர் போகலாமா என்றால், என் பதில் போகலாம். ஒரு நிபந்தனை உண்டு. கிளம்பும் முன் துறைமுகத்துக்குள், ஆழம் குறைந்த இடத்தில், ஜாக்கெட்டோடு ஒருமுறை தண்ணீரில் இறங்கி மிதந்து பார்க்கணும். என் பயம் அந்த நிமிடத்தில்தான் போயிற்று. ஜாக்கெட் உடம்பை மேலே கொண்டுவரும். தலையைப் பின்னால் சாய்த்தால் மல்லாந்து மிதக்கலாம், காது தண்ணீருக்குள் இருக்கும், முகம் வெளியே இருக்கும். அதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் நடுக்கடலில் விழுந்தாலும் கை காலை உதறமாட்டோம். அப்படி இறங்கிப் பார்க்கவே தயங்குகிறார் என்றால் அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், முதுகுத் தண்டில் பிரச்சினை உள்ளவர்கள் அறவே வேண்டாம்.

10 வயதுக் குழந்தையைப் பற்றி என் கருத்து: வேண்டாம். பிடித்துக்கொள்ள அந்தக் கைக்கு நீளமும் பலமும் போதாது. ஒரு கூர்மையான திருப்பம் போதும்.

அல்குத்ராசைக்கிள் (துபாய்) | நவம்பர் 21, இரவு 8:10

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பமாகப் பார்க்கணும் என்றால் படகில் போங்கள். காற்று நிரப்பிய விளிம்பு உள்ள வேகப் படகுகள் இதே வழியில்தான் போகின்றன. எல்லோரும் ஒன்றாக இருக்கலாம், குழந்தையும் வரலாம், கைடு பேசுவது காதில் விழும். ஜெட் ஸ்கியில் போகிறவர் எதைப் பார்க்கிறார்? முன்னால் போகிற வண்டியையும் வருகிற அலையையும்தான். கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் யார் மீதாவது ஏறிவிடுவார். இன்ஜின் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. சுற்றிப் பார்க்கக் காசு கொடுத்துவிட்டுக் கட்டடத்தை நிமிர்ந்தே பார்க்காமல் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

முத்துநகர் | நவம்பர் 21, இரவு 9:00

நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஓடும்போது ஒன்றும் பார்க்க முடியாது, நின்றால்தான் பார்க்க முடியும். அதனால்தான் நிமிடக் கணக்கை மட்டும் வைத்து வாங்காதீர்கள் என்கிறேன். எத்தனை இடத்தில் நிறுத்துவீர்கள், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் "புர்ஜ் அல் அரப், அட்லாண்டிஸ், ஐன் துபாய், புர்ஜ் கலீஃபா எல்லாம்" என்று போட்டிருந்தால் நீங்கள் ஒரு மணி நேரமும் ஓடிக்கொண்டேதான் இருப்பீர்கள். புர்ஜ் அல் அரபிலிருந்து பாம் ஜுமைராவின் வெளி முனையில் உள்ள அட்லாண்டிஸ் ஹோட்டலுக்கு நேர்க்கோட்டில் கடல் வழி சுமார் 7 கிலோமீட்டர். போக வர 14. புதிதாக ஓட்டுகிறவர்களோடு போனால் நிற்க நேரமே இருக்காது.

என்னைக் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு புர்ஜ் அல் அரபும் அதைச் சுற்றியுள்ள கரையும் மட்டும் போதும். அட்லாண்டிஸும் வேண்டும் என்றால் ஒன்றரை மணி எடுங்கள். இரண்டு மணி நேரத்தை முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு மணி தாண்டினாலே முன்கை கடுக்க ஆரம்பிக்கும், ஆக்சிலரேட்டர் விரல் மரத்துப்போகும். கை சோர்ந்த பிறகு வருகிற கடைசி அரை மணியில்தான் தப்பு நடக்கும்.

கடலிலிருந்து என்ன தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். புர்ஜ் அல் அரப் கரையிலிருந்து 280 மீட்டர் தள்ளி, அதற்கென்றே கட்டிய தீவில் நிற்கிறது. உயரம் 321 மீட்டர், 1999 டிசம்பரில் திறந்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் பின்னால் வெறும் கடல். கடலிலிருந்து பார்த்தால் பின்னால் ஊர் முழுக்க விரிந்து கிடக்கும். பக்கத்திலேயே அலை வடிவில் ஜுமைரா பீச் ஹோட்டல், அதற்குப் பக்கத்தில் 2025இல் திறந்த, பெரிய யாட் மாதிரி கட்டிய மர்சா அல் அரப் ஹோட்டல். மூன்றையும் ஒரே பார்வையில் கடல் பக்கமிருந்துதான் பார்க்க முடியும். அங்கே இன்ஜினை நிறுத்தச் சொல்வேன். அந்த மௌனத்தில் வண்டி மெதுவாக ஆடும், தண்ணீர் அடியில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். வந்தவர்கள் யாரும் அப்போது பேசமாட்டார்கள். படகில் முப்பது பேரோடு அது கிடைக்காது.

வானம் தெளிவாக இருந்தால் வடகிழக்கே புர்ஜ் கலீஃபா ஊசி மாதிரி தெரியும். அது அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. "புர்ஜ் கலீஃபா காட்சி" என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான், பக்கத்தில் போவதில்லை.

பம்பும்பிஸ்டனும் | நவம்பர் 21, இரவு 9:45

பாம் ஜுமைராவைப் பற்றியும் ஒன்று. அந்தப் பேரீச்சை மர வடிவம் கடல் மட்டத்திலிருந்து தெரியவே தெரியாது. வாடகை வண்டிகள் போவது வெளிச்சுற்றில்தான். அங்கே கண்ணுக்குத் தெரிவது நீளமான கருங்கல் சுவர், அதற்கு மேல் அட்லாண்டிஸின் இளஞ்சிவப்பு வளைவு. வடிவத்தைப் பார்க்கணும் என்றால் அந்தத் தீவில் உள்ள பாம் டவரின் 52ஆவது மாடிக்குப் போகணும், 240 மீட்டர் உயரம்.

ஆனால் அந்தக் கல் சுவரே பார்க்க வேண்டிய ஒன்று. சுமார் 11 கிலோமீட்டர் நீளமுள்ள அலைதடுப்பு அது. 2001இல் வேலையைத் தொடங்கினார்கள். இவ்வளவு பாலைவனம் இருந்தும் பாலைவன மணலை வைத்து இதைக் கட்ட முடியவில்லை. காற்றில் உருண்டு உருண்டு அந்த மணல் வழவழப்பாகிவிடும், ஒன்றோடொன்று பிடிக்காது. கடலடியிலிருந்து உறிஞ்சியெடுத்த மணலைத்தான் பீய்ச்சிக் கொட்டினார்கள். சுவரை மூடியதும் உள்ளே தண்ணீர் தேங்க ஆரம்பித்தது, அதனால் நடுவில் இரண்டு இடத்தில் இடைவெளி விட்டார்கள். கைடிடம் கேட்டால் அந்த இடைவெளியைக் காட்டுவார். தம்பி மகன் இன்ஜினியரிங் படிக்கப் போகிறான் என்றால் கட்டாயம் காட்டுங்கள்.

நெல்லைச்சீமை | நவம்பர் 22, காலை 6:50

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. பாலைக்குயில் அக்கா சொன்ன விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. மனைவியிடம் காட்டினேன், அவள் அப்படியே தம்பி மனைவிக்கு அனுப்பிவிட்டாள். குழந்தையை என் மனைவி கரையிலேயே பார்த்துக்கொள்வாள். பணம், முன்பணம், டெபாசிட் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கராமாவாசி | நவம்பர் 22, காலை 10:30

இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள்.

நண்பர்களோடு போய்த் திரும்பியதும் அங்கிருந்த ஆள் வண்டியின் அடிப்பகுதியைத் தடவிப் பார்த்து, கீறல் விழுந்திருக்கிறது என்று ஒரு தொகையைக் கேட்டார். நாங்கள் எதிலும் மோதவில்லை. கீறலோ பழையது, உப்புப் படிந்து ஓரம் மங்கிப்போயிருந்தது. நல்ல வேளையாக எங்களில் ஒருவர் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்திருந்தார். அதைக் காட்டியதும் பேச்சு மாறிவிட்டது. வீடியோ இல்லையென்றால் கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்போம். தாய்லாந்தில் பட்டாயா, புக்கெட் பக்கம் இதே வழியில் சுற்றுலாப் பயணிகளைப் பிடுங்குவது பல வருடமாக ஊரறிந்த கதை. இங்கே அது பரவலாக இல்லை, ஆனாலும் கவனம் தேவை.

அதனால் வண்டி தண்ணீரில் இறங்கும் முன், டிரெய்லரில் இருக்கும்போதே அடிப்பகுதி, முன்மூக்கு, இரண்டு பக்கம், பதிவு எண் எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். அவர்களின் ஆளும் அதில் தெரியட்டும். கையெழுத்துப் போடுகிற தாளில் சேதம் என்றால் எவ்வளவு, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று படித்துவிட்டுப் போடுங்கள். டெபாசிட் கார்டில் பிளாக் செய்தால் பரவாயில்லை. பாஸ்போர்ட்டை அடகு மாதிரி கொடுத்துவிட்டு வராதீர்கள், அடையாளத்துக்குக் காட்டினால் போதும். விலையில் 5 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா, பின்னால் உட்காருகிறவருக்குத் தனிக் கட்டணமா, கைடு எடுக்கிற படத்துக்குக் காசா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பயணக் காப்பீடு எடுத்து வருகிறார்கள் என்றால் அதிலும் பாருங்கள். சாகச விளையாட்டுகளைப் பல பாலிசிகள் சேர்ப்பதில்லை.

முத்துநகர் | நவம்பர் 22, மதியம் 12:15

கராமாவாசி சொன்னது முழுக்கச் சரி. நேர்மையாகத் தொழில் செய்கிறவர்கள் வீடியோ எடுப்பதைத் தடுக்கமாட்டார்கள், அவர்களே எடுத்துவைப்பார்கள். வீடியோ எடுக்காதே என்று சொன்னால் அங்கேயிருந்து நடையைக் கட்டுங்கள்.

இன்னொரு விஷயம். துறைமுகத் தண்ணீரில் பிளாஸ்டிக் பை, கயிறு மிதக்கும். அதை இம்பெல்லர் உறிஞ்சிவிட்டால் வண்டி உறுமும், நகராது. அது உங்கள் தப்பில்லை. ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்காமல் உடனே நிறுத்திக் கையைத் தூக்குங்கள், கைடு வருவார். நீங்களாக அடியில் கைவிட்டு எடுக்க முயலாதீர்கள். முழங்கால் ஆழத்தில் இன்ஜினை உயிர்ப்பித்தால் மணலையும் உறிஞ்சும், அப்போது பம்பு போய்விடும், அதற்குக் கண்டிப்பாகக் காசு கேட்பார்கள்.

கவிழ்ந்தால்? வண்டியின் பின்பக்கம் எந்தத் திசையில் புரட்டணும் என்று அம்புக்குறி போட்ட ஸ்டிக்கர் இருக்கும். இன்ஜின் நின்றிருக்கணும், அந்தத் திசையில் மட்டும்தான் புரட்டணும், மாற்றிப் புரட்டினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போகும். ஏறும்போது எப்போதும் பின்பக்கமிருந்து. பக்கவாட்டில் தொங்கினால் திரும்பவும் கவிழும். கைடு இதைக் கரையில் செய்து காட்டணும். "ஆக்சிலரேட்டர் இது, கயிறு இது, வாங்க போகலாம்" என்று இரண்டு நிமிடத்தில் முடிக்கிற இடத்தில் குடும்பத்தோடு இறங்காதீர்கள் அண்ணாச்சி. நானாக இருந்தால் விலையைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்ப்பேன்.

கடற்பசு (ஷார்ஜா) | நவம்பர் 22, மாலை 5:00

எல்லோரும் மனிதர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆமையைப் பற்றி யாராவது சொல்லணும் அல்லவா? இந்தக் கரையில் அழுங்காமைகள் இருக்கின்றன. மூச்சுவிட மேலே வருகிறவை அவை, வேகமாக வருகிற வண்டியிடமிருந்து தப்ப நேரம் இருக்காது. குளிர்காலத்தில் தண்ணீர் குளிர்ந்துபோனால் குட்டி ஆமைகள் மந்தமாகி, ஓட்டில் கிளிஞ்சல் மாதிரி சின்ன ஒட்டுயிர்கள் ஒட்டிக்கொண்டு மிதக்கும். உங்கள் தம்பி வருகிற மாதம் அதுதான். அலைதடுப்புக் கல் பக்கத்திலும் கரையோரத்திலும் மெதுவாகப் போங்கள். மிதக்கிற ஆமையைப் பார்த்தால் கைடிடம் சொல்லுங்கள்.

புர்ஜ் அல் அரபை ஒட்டிய ஜுமைரா ஹோட்டல் வளாகத்திலேயே ஆமை மறுவாழ்வுத் திட்டம் 2004 முதல் நடக்கிறது. காயம்பட்ட ஆமைகளைத் தேற்றிக் கடலில் விடுகிறார்கள். அல் நசீம் ஹோட்டலில் அவற்றுக்கென்று குளம் இருக்கிறது. ஜெட் ஸ்கியில் போக முடியாத குழந்தையை அங்கே அழைத்துப்போங்கள். என் மகள் அங்கே ஒவ்வொரு ஆமையின் துடுப்பையும் எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றாள், கிளம்பவே மாட்டேன் என்றுவிட்டாள்.

நெல்லைச்சீமை | நவம்பர் 22, இரவு 9:20

இது அருமை. சின்னவளுக்கு என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நன்றி.

பாலைக்குயில் | நவம்பர் 23, காலை 8:00

சின்னச் சின்னது சில. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பின்னால் கட்டுகிற பட்டை வேண்டும். உப்புத்தண்ணீர் கண்ணில் தெறித்துக்கொண்டே இருக்கும். கைப்பேசியை நீர்புகாப் பையில் போட்டாலும் அதை லைஃப் ஜாக்கெட்டோடு கட்டுங்கள். தாலிச் சங்கிலி, மோதிரம், வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காலை வெயில் இதமாகத்தான் தெரியும், ஆனால் தொடையும் கையின் மேற்புறமும் கருகிவிடும், சன்ஸ்கிரீன் போடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், இரண்டு இட்லி போதும்.

நெல்லைச்சீமை | டிசம்பர் 30, இரவு 10:30

போய் வந்தோம். நீங்கள் எல்லோரும் நேரம் ஒதுக்கி எழுதினீர்கள், அதனால் நடந்ததை எழுதுவது என் கடமை.

முதலில் பதிவு செய்த நாளில் காற்று. நிறுவனமே முந்தின நாள் மாலை அழைத்து ரத்து செய்தது, இரண்டு நாள் தள்ளிக் காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்தது. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. இரண்டு வண்டி, ஒரு கைடு, வேறு யாரும் இல்லை. ஒன்றில் தம்பி மகன் தனியாக, இன்னொன்றில் தம்பியும் அவன் மனைவியும். கைடு கேரளத்துக்காரர், நம் தமிழ் நன்றாகப் பேசினார்.

வேகத்தைக் குறைத்து வைக்கச் சொன்னதும் தம்பி மகனுக்கு முகம் சுருங்கியது. கைடு அவனைத் துறைமுகத்துக்குள் ஒரு மிதவையை நோக்கி ஓட்டச் சொல்லி, பக்கத்தில் வந்ததும் ஆக்சிலரேட்டரை விட்டுத் திருப்பச் சொன்னார். வண்டி திரும்பாமல் நேரே மிதவையைத் தொட்டுக்கொண்டு போனது. அதற்கப்புறம் அவன் வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பி மனைவி படிக்கட்டு ஓரத்தில் ஜாக்கெட்டோடு இறங்கினாள். முதலில் தம்பியின் கையை விடவே இல்லை. பிறகு ஒரு கையை விட்டாள், அப்புறம் இரண்டையும் விட்டாள். "மிதக்கேன் அத்தான்!" என்று கத்தியதில் பக்கத்தில் மீன் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். திரும்பும்போது கடைசிக் கொஞ்ச தூரம் அவளே ஓட்டிவந்தாள், தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தான். நானும் சின்னவளும் துறைமுகச் சுவரில் நின்று பார்த்தோம். மாலையில் ஆமைக் குளம், கடற்பசு நண்பருக்குச் சின்னவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

ஆமை எதையும் கடலில் பார்க்கவில்லை. வீடியோ எடுத்தோம், தேவைப்படவில்லை.

முத்துநகர் | டிசம்பர் 30, இரவு 11:10

மனசு நிறைஞ்சது அண்ணாச்சி. அந்த மிதவைப் பயிற்சியைக் கொடுத்த கைடுக்கு நிறுவனத்தின் பக்கத்தில் பெயர் சொல்லி நாலு வரி எழுதிவிடுங்கள். இந்த வேலையில் அவர்களுக்கு அதுதான் பெரிய உதவி.

தேராப்பையன் | ஜனவரி 4, மாலை 4:45

இழையைப் படித்தேன், ரொம்ப உபயோகம். நாங்கள் நண்பர்கள் ஜூன் மாதம்தான் போக முடியும். வெயிலில் தாங்குமா?

முத்துநகர் | ஜனவரி 4, இரவு 8:20

தாங்கும், ஆனால் காலை முதல் நேரம் தவிர வேறு நேரத்துக்கு எடுக்காதீர்கள். கோடையில் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும், விழுந்தாலும் உடம்பு குளிராது. அப்போது வெயில்தான் எதிரி. முழுக்கை ரேஷ்கார்டு (தண்ணீரில் போடும் இறுக்கமான மேல்சட்டை), தொப்பிக்குக் கட்டு, கிளம்பும் முன் நிறையத் தண்ணீர். தூசி மூட்டமும் இருக்கும், புர்ஜ் கலீஃபா தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு மணிக்கு மேல் வேண்டாம். எத்தனை பேர் வருகிறீர்கள், அதில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும் என்று எழுதுங்கள், மற்றதைச் சொல்கிறேன்.